மஸ்டாங் பி-51டி: தீவுகளுக்குப் பொருத்தம், தாழ்வான தாக்குதலுக்கு ஆபத்து

இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் தீவுக்கூட்டங்கள். கடல் தாண்டிப் போய், வேலையை முடித்து, கிளம்பிய தளத்துக்கே திரும்ப வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, 1950களில் தென்கிழக்கு ஆசியாவில் பறந்த ப்ரொப்பல்லர் போர்விமானங்களில் அமெரிக்க மஸ்டாங்குக்கு முதலிடம் கொடுக்கலாம். தாய்லாந்து வைத்திருந்த பேர்கேட் போர்விமானம் வேகமாக மேலேறும், ஆனால் உள்டேங்கில் 185 அமெரிக்க காலன்தான் பிடிக்கும். மஸ்டாங்கில் இறக்கைக்கு 92 வீதம் இரண்டு, விமானியின் முதுகுக்குப் பின்னால் 85, ஆக 269 காலன். லிட்டரில் ஆயிரத்துக்குச் சற்று மேல். 1958 மே 18 அன்று அம்போன் அருகே சி.ஐ.ஏ.வுக்காகப் பறந்த அமெரிக்கர் ஆலன் போப்பின் பி-26 குண்டுவீச்சு விமானத்தை இந்தோனேசிய விமானி இக்னேஷியஸ் தேவாந்தோ தாக்கியது மஸ்டாங்கில் இருந்துதான்.

அந்த 85 காலன் பின்டேங்க் வரமும் சாபமும். அது நிரம்பியிருக்கும்போது எடைமையம் பின்னுக்குப் போய்விடும். இறுக்கித் திரும்பினால் ஸ்டிக்கின் (விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு) எதிர்ப்பு தலைகீழாகி, விமானம் தானே திருப்பத்தை இன்னும் இறுக்கும். ஆகவே டேங்க் மாற்றும் வரிசையில் பிசகக் கூடாது. இடது இறக்கை டேங்கில்தான் கிளம்ப வேண்டும். கார்புரேட்டரிலிருந்து ஆவியோடு திரும்பும் எரிபொருள், மணிக்கு 10 காலன் வரை, அங்கேதான் வந்து சேரும். வலதில் கிளம்பினால் நிரம்பிய இடது டேங்க் வழிந்து வெளியே கொட்டும். மேலேறும்போது பின்டேங்குக்கு மாறி, சுமார் 30 காலனாகக் குறைந்த பிறகே ட்ராப் டேங்க் (இறக்கைக்குக் கீழே தொங்கும், கழற்றி எறியக்கூடிய டேங்க்). சண்டைக்குப் போகுமுன் பின்டேங்கின் எரிபொருள் கட்டாயம் குறைந்திருக்க வேண்டும்.

தரையில் கையாள்வது சிரமம். மூக்கு முன்பார்வையை மறைப்பதால் வளைந்து வளைந்துதான் ஓட்ட முடியும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வால்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கத்துக்கு 6 பாகை மட்டும் திரும்பும். முன்னே தள்ளினால் பூட்டு விடுபட்டுத் தாராளமாகச் சுழலும். கிளம்பும்போது ரட்டர் ட்ரிம் (வால் சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் அமைப்பு) வலது 5 முதல் 6 பாகை. த்ராட்டிலை, எஞ்சினுக்குள் போகும் காற்றழுத்தம் 61 அங்குலப் பாதரச அளவை எட்டும் வரை, மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் இழுத்து ஓடுபாதையை விட்டே வெளியேறிவிடும்.

பெரிய குறை குளிர்விப்பில். பேக்கார்ட் மெர்லின் எஞ்சினுக்குத் திரவக் குளிர்விப்பு. ரேடியேட்டர் வயிற்றுக்குக் கீழே. கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) 100 முதல் 110 செல்சியஸில் இருந்தால் நல்லது, 121 உச்சம். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடினால் வெப்பமண்டல வெயிலில் வெப்பமானியின் முள் விறுவிறுவென ஏறும். அதனால் எஞ்சினைச் சோதித்ததும் கிளம்பிவிட வேண்டும், வரிசையில் காத்திருக்கக் கூடாது. அதைவிட மோசம், தாழப் பறக்கும்போது ரேடியேட்டரிலோ குழாயிலோ பாயும் ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு. கூலன்ட் முழுவதும் ஒழுகிப் போனால் எஞ்சின் சில நிமிடங்களில் இறுகி நின்றுவிடும். பிலிப்பைன்ஸில் ஹுக் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக இதைத் தரைத்தாக்குதலுக்கு விட்டார்கள். அந்த வேலைக்கு இதன் உடல் அமைப்பு ஒத்துவரவில்லை என்பதே என் தீர்ப்பு. பர்மா வாங்கிய பிரிட்டிஷ் போர்விமானம் சீ ஃப்யூரியில் காற்றால் குளிரும் எஞ்சின். சிலிண்டரில் அடி வாங்கியும் வீடு திரும்ப வாய்ப்புண்டு.

ஆயுதத்தில் குறை சொல்ல முடியாது. ஆறு 0.50 அங்குலத் துப்பாக்கிகள், 1,880 தோட்டாக்கள். உள்பக்கத் துப்பாக்கிகளுக்கு 400 வீதமும் மற்றவற்றுக்கு 270 வீதமும் என்பதால், கடைசியில் இரண்டு மட்டுமே சுட்டுக்கொண்டிருக்கும். குண்டோ ட்ராப் டேங்கோ இல்லாவிட்டால் 10 ராக்கெட், இருந்தால் 6.

உதிரிபாகக் கிடங்கில் ஒரு கவனம் தேவை. 1950இல் டச்சுக்காரர்களிடமிருந்து இந்தோனேசியாவுக்கு வந்தவற்றில் பி-51டி, பி-51கே இரண்டு வகையும் உண்டு. டி-யில் ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் ப்ரொப்பல்லர், கே-யில் ஏரோப்ராடக்ட்ஸின் உள்கூடான எஃகு ப்ரொப்பல்லர். பின்னது அதிர்வுக்குப் பேர்போனது.

1970களில் இந்தோனேசியாவுக்கு வந்த கவலியர் என்ற மேம்படுத்திய மஸ்டாங்கில் இறக்கை பலப்பட்டது, தாங்கும் சுமை கூடியது. ரேடியேட்டர் மட்டும் அதே வயிற்றில்தான் இருந்தது. 1976இல் வந்த ப்ராங்கோ தாக்குதல் விமானத்தில் இரண்டு டர்போப்ராப் எஞ்சின்கள். கூலன்ட் குழாய் என்ற பேச்சே அதில் கிடையாது.