படகு டிரெய்லரில் கட்டை ஆடினால்: ஸ்குரூவா, போல்ட்டா, புது மரமா?

ஏற்காட்டில் இருந்து 14 அடி ஃபைபர் படகு ஒன்றை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு இறக்கிக்கொண்டு வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பின்னால் டொக்கென்று ஒரு சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால், படகைத் தாங்கும் இடது பக்கக் கட்டை பிராக்கெட்டை விட்டு விலகிக் கிடக்கிறது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, இழுத்துக் கட்டிய பெல்ட்டின் தயவில் நின்றது. மிச்ச வளைவுகளை எப்படி இறங்கினோம் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பட்டறையில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பக்கத்து மரப்பட்டறை ஆசாரி அண்ணன் மட்டும், "ஸ்குரூவை முறுக்கிக்கிட்டே இருக்காதீங்க தம்பி, மொதல்ல மரத்தைக் குத்திப் பாருங்க" என்றார். ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினேன். வாழைத்தண்டில் குத்தினது போல அரை அங்குலம் இறங்கியது.

கட்டையைச் சுற்றியிருக்கும் கார்பெட் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மரம் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது ஸ்குரூ ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு, இரும்பு ஸ்குரூவின் துருவே சுற்றியுள்ள மர நாரை அரித்துவிடும். அதற்கு மேல் ரோட்டின் அதிர்வு.

எல்லோரும் முதலில் செய்வது, 8 மில்லி கோச் ஸ்குரூவை (ஸ்பேனரால் முறுக்கும் தடித்த மர ஸ்குரூ) கழற்றிவிட்டு அதே ஓட்டையில் 10 மில்லி போடுவது. கால் மணி நேர வேலை. இறுக்கும்போது கைக்கு நன்றாகப் பிடித்தது போலத்தான் இருக்கும். ஆனால் மரத்தின் கனம் இரண்டு அங்குலம்தான், நீளமான ஸ்குரூ போட்டால் முனை படகின் அடியில் குத்தும். பழைய மரமாக இருந்தால் பிளந்தும் போகும். ஈரம் பட்ட கட்டைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, ஓட்டையில் ஆப்பு வைத்து எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) அடைத்து மறுபடி ஸ்குரூ போடுவது. மரம் கெட்டியாக இருந்து ஓட்டை மட்டும் தேய்ந்திருந்தால் இது நல்ல வழிதான். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உருட்டுக் குச்சியை அப்படியே அடித்து இறக்கினால், புது ஸ்குரூ குச்சியின் நார் ஓடும் திசையிலேயே இறங்கும். அந்தத் திசையில் மரத்துக்குப் பிடிப்பு குறைவு. குறுக்கு நாரில் வெட்டிய ஆப்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் எபாக்சியை நிரப்பிக் காயவிட்டு அதில் துளை போட வேண்டும். அதற்கு முன் கட்டை உள்வரை காய்ந்திருக்க வேண்டும். சேலம் வெயிலில் சில நாள் போட்டால் போதும், மலையின் பனிமூட்டத்தில் அது நடக்காது.

நான் இப்போது எல்லா டிரெய்லருக்கும் போடுவது, மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் கேரேஜ் போல்ட். தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும். சதுரக் கழுத்து மரத்தில் அமுங்கிக்கொள்வதால் போல்ட் சுற்றாது, கீழே ஒரே ஸ்பேனரில் இறுக்கிவிடலாம். ஸ்குரூ மர நாரை நம்பி நிற்கிறது. போல்ட்டோ மரத்தையும் பிராக்கெட்டையும் இரண்டு பக்கமிருந்தும் நெரித்துப் பிடிக்கிறது. போல்ட் தலை மரத்துக்குள் ஒரு சென்டிமீட்டராவது பதிய வேண்டும், இல்லையென்றால் கார்பெட் தேய்ந்ததும் படகின் அடியைக் கீறிவிடும். கீழே அகல வாஷரும், அதிர்வில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் போடுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கினால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுவது அவசியம். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் உலர்வாக உரசினால் பாதியிலேயே கவ்விக்கொண்டு நின்றுவிடும்.

ஆனால் இற்றுப்போன மரத்தில் போல்ட் போட்டும் பயனில்லை, வாஷரே உள்ளே அமுங்கும். எங்களுக்கு அன்றைக்கு அந்த நிலைதான், இரண்டு கட்டையையும் மாற்றினோம். ஏற்காட்டில் காபித் தோட்ட நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் சுலபமாகக் கிடைக்கும். பார்க்க அழகான மரம், ஆனால் ஈரத்துக்குத் தாங்காது. தேக்கு தாங்கும், விலைதான் கையைக் கடிக்கும். வேங்கையின் வைரத்துக்கு, அதாவது கெட்டியான நடுமரத்துக்கு, என் ஓட்டு. செம்பு கலந்த மருந்து ஏற்றிய பைன் மரம் ஃபைபர் படகுக்குப் பரவாயில்லை. அலுமினியப் படகு என்றால் கிட்டேயே வேண்டாம், அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். நான்குக்கு இரண்டு கட்டையைப் படுக்கவைப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் விறைப்பு நான்கு மடங்கு. பிராக்கெட் இடம் கொடுத்தால் அப்படியே நிறுத்துங்கள்.

மரமே வேண்டாம், எச்டிபிஇ பிளாஸ்டிக் பட்டை போடலாம் என்பவர்களும் உண்டு. அது அழுகாதுதான். ஆனால் இரண்டு மீட்டர் பட்டை 30 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளும். அதனால் துளைகளை நீள்வட்டமாகப் போட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் வழுக்கல். சரிவில், படகை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டையைக் கழற்றினால் படகு தானாகவே பின்னால் ஓடிவிடும். மலைப்பாதைக்கு எனக்கு அது மனசு ஒப்பவில்லை.

எதைச் செய்தாலும் படகைத் தனியாக முட்டுக்கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கட்டையை மட்டும் கழற்றுங்கள்.

புது மரம் முதல் சில பயணங்களில் நெரிந்து கொஞ்சம் அமுங்கும், அதனால் நட்டை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டிவரும். இறுக்கி முடித்ததும் நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். மலையேறும் முன் அடிவாரம் செக்போஸ்ட்டில் நிற்கும்போது குனிந்து பார்ப்பேன். கோடு விலகியிருந்தால் ஸ்பேனர் வண்டியிலேயே இருக்கிறது.