எளிய போனுக்கு ஒரு ஹெட்போன்: நான்கு வருடப் பழக்கம்

2019-ல் எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போன் என்னுடையது. 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறது, பாட்டு கேட்க அது போதும். முதல் இரண்டு வருடத்தில் நான்கு இயர்போன்கள் போய்ச் சேர்ந்தன. நூறு, இருநூறு ரூபாய்ச் சரக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி, ஜாக்கில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் ஒயர் உள்ளேயே அறுந்துவிடும். மூன்றில் ஒரு பக்கம் ஊமையானது. நான்காவதில் பாடகர் காணாமல் போய் வயலின்கள் மட்டும் கேட்டன! இரண்டு பக்கமும் பங்குபோடும் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போனால் இப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நடுவில் வைத்துப் பதிவு செய்த குரல்தான் முதல் பலி.

பற்றவைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே தலைமுடி மாதிரி இழைகள், அதன்மேல் வார்னிஷ் பூச்சு வேறு. அதைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் பின்னடியில் சுற்றும் வைத்தியம் புது ஒயருக்குச் சரி, அறுந்த பிறகு உதவாது.

அடுத்த பாடம் நண்பரின் ஸ்டுடியோ ஹெட்போன், 250 ஓம் (மின்தடையின் அளவு). கட்டுமானம் என்றால் அதுதான் கட்டுமானம். ஆனால் என் போனில் ஒலியை முழுக்க ஏற்றியும் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குத்தான் கேட்டது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். போன் அரை வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ஓமுக்குள் அது 1 மில்லிவாட்தான். 32 ஓம் என்றால் கிட்டத்தட்ட 8 மில்லிவாட்.

ஆனால் ஓமை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்பதையும் பார்க்க வேண்டும். அதில் 10 குறைந்தால் அதே சத்தத்துக்குப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். 1984-ல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ ஹெட்போன் 60 ஓம், ஆனால் 101 டெசிபல், போனிலேயே தாராளமாகப் பாடும். சில தயாரிப்பாளர்கள் டெசிபலை மில்லிவாட்டுக்கு இல்லாமல் ஒரு வோல்ட்டுக்குக் கணக்கிட்டுப் போடுவார்கள். 32 ஓமில் அந்த எண் 15 கூடுதலாகத் தெரியும், இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள். பழைய சரக்கு வாங்குவோர் லேபிளையும் பாருங்கள், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று வந்திருக்கிறது.

2021-ல் சென்னை ரிச்சி தெருவில் 1,900 ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன். 32 ஓம், 104 டெசிபல். அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை, பெயர் சொல்லிப் பயனில்லை. நான் அதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் வேறு: ஒயரைக் கழற்றலாம். அதுவும் காதுக்கிண்ணத்தில் சாதாரண 3.5 மி.மீ. துளை. சில ஹெட்போன்களில் கழற்ற முடிந்தாலும், திருகிப் பூட்டும் தனி வடிவம் இருக்கும், அதற்கு ஒயர் தேடி அலைய வேண்டும். எனக்கு நான்கு வருடத்தில் இரண்டு ஒயர் போயிற்று, தலா 150 ரூபாய். பேருந்து இருக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு இழுபட்டபோதும் ஒயர்தான் கழன்றது, ஹெட்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறை இல்லாமல் இல்லை. செயற்கைத்தோல் குஷன் சென்னை வியர்வையில் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. காதைச் சுற்றிக் கறுப்புச் செதில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் போன நாட்கள் உண்டு. துணிக் குஷன் மாற்றினேன், பேஸ் (அடித்தொனி) கொஞ்சம் குறைந்தது, காது குளிர்ந்தது. மூன்றாம் வருடம் தலைப்பட்டையில் விரிசல், அரால்டைட் போட்டு நூல் சுற்றியிருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை, பிடித்து நிற்கிறது.

புளூடூத் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அதன் பேட்டரி செத்தால் மாற்றுவது பெரும்பாடு, எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சென்ற மாதம் மறுபடியும் ஒரு பக்கம் ஊமை. மூன்றாவது ஒயரும் போச்சா என்று பார்த்தால், போன் ஜாக்கினுள் சட்டைப்பை பஞ்சு. போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன், பாட்டு வந்துவிட்டது.