நில உபயோக மாற்றத்தைச் சரிபார்க்க க்யூஜிஐஎஸ்: எதுவரை நம்பலாம்?

மன்றக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் ‘நில உபயோக மாற்றம்’ என்று ஒரு பொருள் வந்தால், கூடவே ஒரு வரைபடம் பிடிஎஃப்பாக இருக்கும். திறந்தவெளியாக இருந்த மனை குடியிருப்பாகிறது, பக்கத்தில் ஏரி. விதிப்படி விடவேண்டிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க க்யூஜிஐஎஸ் தாராளமாகப் போதும். 2002-ல் தொடங்கிய திறமூல வரைபட மென்பொருள் இது. காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆகப் புதிய பதிப்பின் மேல் ஆசைப்படாமல் நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பிடிஎஃப்பை 300 டிபிஐ படமாக மாற்றி, படத்தைப் பூமியின் உண்மையான இடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்ஸர் கருவியில் ஏற்றுவது. இப்போது லேயர் மெனுவில் இருக்கிறது, பழைய பதிப்புகளில் ராஸ்டர் மெனுவில். கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது படத்திலும் தரையிலும் ஒன்றே என்று தெரிந்த இடங்கள், எட்டு பத்தாவது வையுங்கள், நான்கு மூலைக்கும் பரவலாக. பாலத்தின் முனை, ரயில்வே கேட், பழைய சாலைச் சந்திப்பு ஆகியவை நல்ல புள்ளிகள். ஏரிக்கரையில் மட்டும் வைக்காதீர்கள். எந்த ஏரியைச் சோதிக்கிறோமோ அதையே அளவுகோலாக்கினால் விடை முன்கூட்டியே வந்துவிடும்.

பலரும் ஏமாறுவது பிழை எண்ணில்தான். படத்தைப் பொருத்த கருவி சில கணக்கு முறைகளைத் தரும். அதில் எளிய முறையான முதல்படி பாலினோமியலுக்கு மூன்று புள்ளி போதும். ஆனால் சரியாக மூன்றே வைத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும். படம் பொருந்திவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, சோதித்துப் பார்க்க நான்காவது புள்ளி இல்லை, அவ்வளவுதான். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற இன்னொரு முறையிலும் இதே கதை. வைத்த புள்ளிகளில் எல்லாம் பூஜ்யம், நடுவில் படம் ரப்பர் போல இழுபட்டிருக்கும். ஸ்கேன் செய்த தாளுக்கு முதல்படியும், கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்துக்கு புரொஜெக்டிவ் முறையும் பொருந்தும்.

அடுத்தது பஃபர், அதாவது ஏரியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வரையும் வளையம். ஏரி எல்லையை வரைந்த லேயர் (அடுக்கு) இபிஎஸ்ஜி 4326 என்ற எண்ணுள்ள ஆயத்தொலை முறையில் இருந்தால் அதன் அலகு டிகிரி. அங்கே 50 என்று அடித்தால் 50 மீட்டர் வராது, 50 டிகிரி வரும். கண்டத்தையே விழுங்கும் வட்டத்தைப் பார்த்து உடனே சுதாரித்துவிடலாம். ஆபத்தானது இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற முறை. புதிய புராஜெக்டில் இணைய வரைபடத்தை முதலில் போட்டால் புராஜெக்ட் பெரும்பாலும் அதற்குத் தாவிவிடும், அங்கே புதிதாக வரையும் லேயரும் அதிலேயே அமையலாம். அலகு மீட்டர் என்றே காட்டும், ஆனால் 30 டிகிரி அட்சரேகையில் 100 மீட்டர் பஃபர் தரையில் சுமார் 87 மீட்டர்தான். அளவெடுக்கும் கருவி பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துச் சரியான தூரம் சொல்லும், பஃபர் கருவி அதைச் செய்யாது. ஒரே திரையில் இரண்டு கருவியும் இரண்டு பதில் சொல்வது இந்த மென்பொருளின் பெரிய குறை. தப்பிக்க, லேயரை உங்கள் யூடிஎம் மண்டலத்துக்கு (பூமியை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மாற்றிச் சேமித்த பிறகு பஃபர் போடுங்கள். கிழக்குத் தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி, 6-ஆல் வகுத்து, முழு எண்ணோடு ஒன்று சேர்த்தால் மண்டல எண். 80 டிகிரிக்கு 44.

இவ்வளவு செய்தாலும் மூலப்படம் தாங்கும் துல்லியத்துக்கு மேல் போக முடியாது. 1:10,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 5 மீட்டர் அகலம். ஏ1 தாளை ஏ4-க்குச் சுருக்கி ஏற்றியிருந்தால், அச்சிட்ட அளவுவிகிதம் பொய். உண்மையில் சுமார் 1:28,000. கூடவே சுருங்கியிருக்கும் அளவுக்கோட்டை மட்டும் நம்புங்கள். க்யூஜிஐஎஸ் 14.37 மீட்டர் என்று காட்டுவதை அப்படியே ஆட்சேபனையில் எழுதினால், எதிர்த்தரப்புப் பொறியாளர் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவார்.

ஏரி எங்கே நிற்கிறது என்பதற்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. படம் பல ஒளிப் பட்டைகளாக வரும். மூன்றாவது பட்டையிலிருந்து (பச்சை) எட்டாவதை (அண்மை அகச்சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு. நேர்மறையாக வரும் இடம் பெரும்பாலும் தண்ணீர். கோடை, மழைக்காலம் இரண்டிலும் எடுக்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி செடி என்றே பதிவாகும், உயர்ந்த கட்டடத்தின் நிழல் தண்ணீர் போலத் தெரியும். ஒரு பிக்சல் 10 மீட்டர் என்பதால் ஏரியின் போக்கைச் சொல்லலாம், எல்லைக்கல்லை நகர்த்த முடியாது.

பொதுச் சேவைத் தீர்மானங்களில் ‘500 மீட்டருக்குள் சுகாதார மையம்’ என்று வந்தால், வட்டம் போடாமல் ‘சர்வீஸ் ஏரியா’ கருவியில் சாலை வழியாகக் கணக்கிடுங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீடுகள் வட்டத்துக்குள் இருந்தும் நடைதூரத்தில் இருக்காது. சாலைக் கோடுகள் சந்திப்பில் ஒட்டாமல் விட்டுப்போயிருந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைந்ததை ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் சேமிக்க வேண்டாம். அதன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறி 3 பைட், ஆக ‘நிலம்’ என்ற சின்னப் பெயருக்கே (புள்ளி, விசிறி உட்பட ஐந்து குறி) 15 பைட். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

ஆட்சேபனை மனுவில் படத்தோடு நான்கு விவரம் கட்டாயம் சேருங்கள்: மூலப்படத்தின் அளவுவிகிதம், கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கை, சராசரிப் பிழை மீட்டரில், பயன்படுத்திய யூடிஎம் மண்டலம். இடைவெளி அந்தப் பிழையைவிடக் குறைவான வித்தியாசத்தில் ஊசலாடினால், ‘விதிமீறல்’ என்று எழுதாமல் ‘நில அளவை செய்து உறுதிசெய்க’ என்று கேளுங்கள்.