கொழும்புக்காரர் எந்தச் சிவப்பு மரங்கொத்தியைத் தேடலாம்?

இலங்கைக்கே உரிய சிவப்பு முதுகு மரங்கொத்திகள் இரண்டு. ஒன்று தோட்டத்துப் பறவை, மற்றது காட்டுப் பறவை.

தோட்டத்துப் பறவையை வெள்ளவத்தையில் நிற்கும் பழைய தென்னையிலேயே பார்க்கலாம். விறைப்பான வாலை மரத்தில் ஊன்றி மேலேறும், எறும்பு கண்டால் நின்று நக்கும். யாழ்ப்பாணத்தில் இதன் உறவுக்கார மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். இரண்டின் எல்லைகளும் சந்திக்கும் பகுதிகளில் கலப்புப் பறவைகளும் உண்டு.

காட்டுப் பறவைக்குச் சிங்கராஜா, கித்துல்கல போன்ற ஈரவலயக் காடுகள் வேண்டும். கொழும்பிலிருந்து கிட்ட என்றால் இங்கிரியவுக்கு அருகிலுள்ள போதிநாகல. சிங்கராஜாவில் தவிட்டுக்குருவிகளும் கரிக்குருவிகளும் சேர்ந்து போகும் கலப்புக் கூட்டத்தோடு இதுவும் வரும்.

குழப்பம் வருவது முதுகைப் பார்த்துத்தான். இரண்டுமே சிவப்பு, அதனால் அலகைப் பாருங்கள். தோட்டத்துப் பறவைக்கு அது கருமை, காட்டுப் பறவைக்குத் தந்த வெள்ளை, கண்ணும் வெளிர். பெண்களில் இன்னும் சுலபம்: காட்டுப் பெண்ணின் கொண்டை முழுக்கக் கருப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். தோட்டத்துப் பெண்ணுக்கோ முன்பக்கம் மட்டும் அப்படி, பின்கொண்டை சிவப்பு.

என்னைக் கேட்டால், முதலில் தோட்டத்துப் பறவையோடு நன்றாகப் பழகுங்கள். அப்புறம் காட்டுக்குப் போனால் வெள்ளை அலகு உடனே கண்ணில் படும். ஒரு வேண்டுகோள்: பட்ட தென்னையை அவசரப்பட்டுத் தறிக்காதீர்கள், கூட்டுப் பொந்து இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.