ரைசன் 7 5800எக்ஸ்: மட்டக்களப்பு வெக்கையில் வோல்டேஜ் குறைத்தால்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி இல்லாத அறையில், முழுச் சுமையில், ஏஎம்டியின் இந்தக் கணினிச் சிப் 90 பாகையில் போய் நிற்கும். அதன் வரம்பே அதுதான். வேகத்தில் குறையில்லை, சூடுதான் தலையிடி. கூலரும் பெட்டியோடு வராது. மருந்து, பயோஸில் உள்ள கர்வ் ஒப்டிமைசர்: ஒவ்வொரு கோருக்கும் போகும் வோல்டேஜைப் படிபடியாகக் குறைக்கும் வசதி.

எல்லாக் கோருக்கும் ஒரேயடியாக மைனஸ் 30 படி போட்டு, சினிபெஞ்ச் என்ற சுமைச் சோதனை அரை மணி நேரம் ஓடியது என்று நம்பிவிடாதீர்கள். சும்மா கிடக்கும்போதுதான் கவிழும்: பிரவுசரில் ஒரு டேப் திறக்கத் திரை கறுத்து ரீஸ்டார்ட். முழுச் சுமையில் வேகம் தாழ்ந்திருக்கும். ஒற்றைக் கோர் 4.7 கிகாஹேர்ட்ஸுக்குத் தாவும்போதே வோல்டேஜ் போதாமல் போகிறது.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், திடீரென அணைந்ததைச் சொல்லும் கேர்னல்-பவர் 41ஐ வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. கரண்ட் போனாலும் அதே 41தான். வன்பொருள் பிழையைச் சொல்லும் வீயா-லொகர் 18 இருந்தால் அதில் ஏபிஐசி ஐடியைப் பாருங்கள். கோருக்கு இரண்டு திரெட், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; எண்ணிக்கை 0இல் தொடங்கும். 10 என்றால் இரண்டால் வகுக்க, கோர் 5. அதை மட்டும் மைனஸ் 25க்குக் கொண்டுவந்து, கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பெரும்பாலும் மாட்டுவது சிப்பின் சிறந்த இரண்டு கோர்கள்தான். அவை மைனஸ் 10ஐக்கூடத் தாங்காமல் போகலாம். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழி யார்மேல் என்றே தெரியாது.

இத்தனை கூத்து வேண்டாம் என்பவருக்கு அதே எட்டுக் கோருடன் 65 வாட் 5700எக்ஸ் இருக்கிறது.