வணிக வளாகப் புல்தரைப் பராமரிப்பு: ஆண்டு ஒப்பந்தத்தில் எது தேறுகிறது, எது தேறவில்லை

அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி, ஹோட்டல் என எங்கு புல்தரை இருந்தாலும் பராமரிப்பு ஒப்பந்தம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருகிறது. மாதத்துக்கு இத்தனை முறை ஆள் வரும், புல் வெட்டும், ஓரம் சீவும், குப்பை அள்ளும். கடைசியில் “தேவைக்கேற்ப உரமும் மருந்தும்” என்று ஒரு வரி இருக்கும். இந்தச் சேவையை வேலை வேலையாகப் பிரித்துப் பார்த்தால் வெட்டுவது சுமாராகத் தேறுகிறது. தண்ணீரும் மண்ணும் யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கின்றன. புல் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டால்தான்.

முதலில் வெட்டு. ஒரே வெட்டில் இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. 50 மி.மீ.யில் வைக்க வேண்டிய புல்லை 75 மி.மீ. தொட்டதுமே வெட்டிவிட வேண்டும். “மாதம் இரண்டு முறை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், புல் வேகமாக வளரும் பருவத்தில் அது 100 மி.மீ. தாண்டி நிற்கும். அதை ஒரேயடியாக 50-க்கு இறக்கும்போது பச்சை எல்லாம் போய் வெளிறிய அடித்தண்டுதான் மிஞ்சும். வேர் வளர்ச்சியும் தடைபடும். அதே ஒப்பந்தம் புல் வளராத மாதங்களிலும் வண்டியை ஓட்டி மண்ணை இறுக்கும். அதனால் வருகைக் கணக்கைவிட உயரக் கணக்கு நல்லது. அருகம்புல் வகைகளுக்கு 25 முதல் 40 மி.மீ., கொரியன் புல்லுக்கு 25 முதல் 50, அகன்ற இலை கொண்ட செயின்ட் அகஸ்டினுக்கும் குளிர்ப் பகுதிகளின் உயர வகை பெஸ்கியூவுக்கும் 65 முதல் 100 என்று எழுதி வாங்கலாம். புல்வெட்டும் வண்டியில் உயரம் மாற்றும் நெம்புகோலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டுத் தரைக்கும் பிளேடு முனைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால்தான் உண்மையான உயரம் தெரியும்.

பிளேடு மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வண்டியைக் கவிழ்க்கத் தேவையில்லை. வெட்டிய மறுநாள் பத்துப் பதினைந்து இலைகளைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நுனியைப் பாருங்கள். கத்தரியால் நறுக்கியது போல நேராக இருந்தால் பிளேடு கூர். நுனி நார் நாராகப் பிய்ந்து, மெல்லிய வெள்ளை இழைகள் தொங்கினால், பிளேடு வெட்டவில்லை, அடித்துக் கிழித்திருக்கிறது. கிழிந்த நுனி காய்ந்து வெளுப்பதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது தரை முழுக்கச் சாம்பல் பூத்தது போல இருக்கும். அந்தக் கிழிசல் வழியாக நீர் இழப்பும் அதிகம், பூஞ்சை நுழைவதும் எளிது. நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு 8 முதல் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சாணை பிடிக்க வேண்டும். சாணை பிடித்த பிளேடின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்ப்பதும் முக்கியம். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் தேய்க்க வேண்டும். அப்படியே மாட்டினால் அதிர்வில் பேரிங் போய்விடும்.

வெட்டிய புல்லை ஒரு தூள் விடாமல் அள்ளிப் போவதைப் பெரிய சேவையாகக் காட்டுவார்கள். ஒழுங்கான இடைவெளியில் வெட்டிய சிறு துணுக்குகள் தரையிலேயே கிடப்பதுதான் நல்லது. புல்லுக்கு ஆண்டு முழுக்கத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கும். கட்டி கட்டியாக விழுந்திருந்தாலோ, நோய் கண்ட இடமாக இருந்தாலோ, களை விதை பிடித்திருந்தாலோ அள்ளட்டும்.

தண்ணீர்தான் இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி. வெட்டுகிறவர் ஸ்பிரிங்க்லரைத் தொட மாட்டார்; பிளம்பர் புல்லைப் பார்க்க மாட்டார். பதித்த நாளில் வைத்த டைமர் மழையிலும் வெயிலிலும் அதே நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் புல்லுக்கு வாரம் சுமார் 25 மி.மீ. நீர் என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஆக 2,000 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 50,000 லிட்டர். இவ்வளவு தண்ணீர் செலவாகும் வேலையை அளந்து பார்க்காமல் விடுவதில் எந்த நியாயமும் இல்லை.

அளப்பதற்கு ஒரே அளவுள்ள, பக்கங்கள் நேரான 16 டப்பாக்கள் போதும். ஒரு வால்வுக்குக் கீழ் வரும் பகுதி முழுக்க, ஸ்பிரிங்க்லர் தலைக்கு அருகிலும் இரண்டு தலைகளுக்கு நடுவிலும் கிடைக்கும்படி, அவற்றைப் பரப்பி வையுங்கள். 15 நிமிடம் ஓட்டிவிட்டு ஒவ்வொன்றிலும் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். மொத்தச் சராசரி 10 மி.மீ., மிகக் குறைவாக நிறைந்த நான்கு டப்பாக்களின் சராசரி 5 மி.மீ. என்று வந்தால், நீர் பரவும் சீர்மை 5-ஐ 10-ஆல் வகுத்து 0.5. அதாவது காய்ந்த மூலைக்குப் போதுமான நீர் கிடைக்க, வளாகம் முழுக்க இரு மடங்கு நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். மற்ற இடம் ஊறி அழுகும். 0.7-க்கு மேல் இருந்தால் நல்ல அமைப்பு. குறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவைதான். தலை சாய்ந்திருக்கும். மண்ணும் புல்லும் உயர்ந்து தலை தாழ்ந்துபோய், பீய்ச்சும் நீரைச் சுற்றியுள்ள புல்லே மறித்துவிடும்; அப்போது தலையைச் சுற்றி ஈரமும் அதற்கு அப்பால் காய்ந்த வளையமும் தெரியும். ஒரே வால்வில் வேறு வேறு நாசில்களைக் கலந்து மாட்டியிருப்பார்கள். அழுத்தமும் பார்க்க வேண்டும்: சிறிய ஸ்பிரே தலைகள் 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம்) அளவில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டவை. 60 கொடுத்தால் துளி உடைந்து புகையாகி, காற்று அதை வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகும்.

இந்த ஸ்பிரே தலைகள் மணிக்கு 40 மி.மீ. அளவுக்கு நீர் கொட்டுபவை. களிமண் அதில் கால் பங்கைக்கூட உள்வாங்காது. அதனால் 15 நிமிடத்தை ஒரே மூச்சில் ஓட்டுவதைவிட, 5 நிமிடமாக மூன்று தவணை, இடையில் முக்கால் மணி நேரம் என்று பிரித்தால் நடைபாதையில் வழியும் நீர் மண்ணுக்குள் போகும். விடிவதற்கு முன் பாய்ச்சுவது சரி. மாலையில் பாய்ச்சினால் இலை இரவெல்லாம் நனைந்தே கிடந்து பூஞ்சைக்கு வழிவிடும். வெட்டும் நாளுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் டைமர் ஓடக் கூடாது. ஈர மண்ணில் ஓடும் வண்டி சக்கரத் தடத்தைப் பள்ளமாகவே விட்டுப் போகும். இந்த ஒருங்கிணைப்பைத் தானாகக் கேட்கும் நிறுவனம் இருந்தால் அதற்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்.

மண்ணுக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். பாய்ச்சிய மறுநாள் 15 செ.மீ. நீள டிரைவரைக் கையால் அழுத்துங்கள். பாதியில் நின்றால் மண் இறுகிவிட்டது. ஆள் நடமாட்டமுள்ள வளாகத்தில் இது நிச்சயம் நடக்கும். அதற்கு மருந்து மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி எடுக்கும் ஏரேட்டர்தான்: 50 முதல் 75 மி.மீ. ஆழம், துளைக்குத் துளை ஏறக்குறைய அதே இடைவெளி. ஆணி பதித்த உருளையை உருட்டிவிட்டு “ஏரேஷன் முடிந்தது” என்று பில் போடுபவர்களும் உண்டு. ஆணி, மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கவாட்டில் நெருக்கித் துளைச் சுவரை இன்னும் இறுக்குகிறது. வேலை முடிந்ததும் தரையில் விரல் பருமன் மண் துண்டுகள் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டுகளை அள்ள வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்து கலந்துவிடும். ஓட்டுவதற்கு முன் ஸ்பிரிங்க்லர் தலை, வால்வுப் பெட்டி, மேலாகப் போகும் விளக்குக் கேபிள் எல்லாவற்றுக்கும் கொடி நட வேண்டும். புல் சுறுசுறுப்பாக வளரும் பருவத்தில் செய்தால்தான் துளை சீக்கிரம் மூடும்.

உரத்தில் ஏமாறாமல் இருக்கக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு தவணைக்கு 100 சதுர மீட்டருக்கு அரை கிலோ தழைச்சத்து என்பது உச்ச அளவு. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், ஆக 100 சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 கிலோ யூரியா. 2,000 சதுர மீட்டருக்கு 22 கிலோ. “முழு வளாகத்துக்கும் உரம் போட்டோம்” என்று வரும் அறிக்கையைக் காலிச் சாக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். யூரியாவாக இருந்தால் இந்த அளவைக்கூட இரண்டாகப் பிரித்துச் சில வார இடைவெளியில் போடுவது பாதுகாப்பு. மெதுவாகக் கரையும் உரத்துக்கு அந்த அவசியம் இல்லை. இலை காய்ந்திருக்கும்போது, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, உடனே நீர் விட வேண்டும். ஈர இலையில் விழுந்த யூரியா சுட்டுவிடும். வரி வரியாகப் பச்சையும் மஞ்சளும் தெரிந்தால் உரம் தூவும் ஸ்பிரெட்டர் வண்டியின் தடங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று பொருள். நடைபாதையில் சிந்திய குருணையைப் புல்லுக்கே திருப்பிப் பெருக்க வேண்டும். இரும்பு கலந்த உரம் கான்கிரீட்டில் துருக் கறையாகத் தங்கிவிடும். மஞ்சள் கண்டதுமே யூரியா கொட்டுவதும் தவறு. பழைய இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. கார மண்ணில் இது அடிக்கடி வரும். மண் பரிசோதனை இல்லாமல் உரத் திட்டம் தரும் நிறுவனத்துக்கு இந்தப் பகுதியில் மதிப்பெண் இல்லை.

களை, பூச்சி பற்றிச் சுருக்கமாக. கோரையைப் பிடுங்குவதற்கு ஆள் கூலி கொடுப்பது வீண், கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். தண்டை விரலிடையில் உருட்டினால் முப்பட்டையாக இருக்கும், அதுதான் அடையாளம். அதற்கென உள்ள ஹாலோசல்ப்யூரான் போன்ற மருந்தும், நீர் தேங்குவதைச் சரிசெய்வதும் சேர்ந்தால்தான் பலன். மாதாமாதம் நாள் குறித்துப் பூச்சிமருந்து அடிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். மஞ்சள் திட்டின் ஓரத்தில் 30 செ.மீ. சதுரமாக மூன்று பக்கம் வெட்டிப் பாய் போலப் புரட்டிப் பார்த்து, வேர்ப்புழுவை எண்ணிய பிறகு மருந்தைப் பற்றிப் பேசட்டும்.

மரங்களின் அடியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஓரம் சீவும் பிரஷ் கட்டர் இயந்திரத்தில் சுழலும் நைலான் நரம்பு ஒவ்வொரு முறையும் அடிமரத்தை உரசும். குனிந்து பார்த்தால் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள், பட்டை உரிந்து, பழைய தழும்பின் மேல் புதிய தழும்பாக வரிகள் தெரியும். இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டையின் உட்பகுதி வழியாகத்தான். நீர் மேலேறும் பாதை அதற்கும் உள்ளே இருப்பதால் பட்டை போன பிறகும் மரம் சில காலம் பச்சையாகவே நிற்கும். வேர் பட்டினியில் சாகும்போது யாரும் நரம்பைச் சந்தேகிப்பதில்லை. தடுப்பது சுலபம்: மரத்தைச் சுற்றி அரை மீட்டர் வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரச்சீவல் போன்றவை) போட்டால் அங்கே பிரஷ் கட்டருக்கு வேலையே இல்லை. மூடாக்கு அடிமரத்தை ஒட்டக் கூடாது, 10 செ.மீ. விலகி இருக்க வேண்டும். எரிமலை போலக் குவித்து வைத்தால் பட்டை அழுகும்.

வேலிச்செடிக் கவாத்தில் ஒரே குறை: அடி குறுகி, உச்சி அகன்று போகிறது. அடிக்கு வெயில் படாமல் கீழே மொட்டையாகிறது. அடியைக் கொஞ்சம் அகலமாக விட்டு வெட்டச் சொன்னால் போதும்.

ஆட்கள் குறுக்கே நடந்து தேய்ந்த தடம் எந்த வளாகத்திலும் இருக்கும். அங்கே மாதாமாதம் புல் பதித்து பில் போடும் நிறுவனத்தைவிட, “இங்கே கல் பாவிவிடுங்கள்” என்று சொல்லித் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் நிறுவனம் நம்பத் தக்கது. கட்டடத்தின் நிழல் மூலையும் அப்படித்தான். ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் அருகம்புல் நிற்காது. நிழல் தாங்கும் தரைமூடிச் செடி வைப்பதே சரி.

கையெழுத்துக்கு முன் சேர்க்க வேண்டியவை சில: புல்வகைவாரியாக உயர வரம்பு, ஆண்டுக்கு ஒரு மண் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு டப்பா அளவீடு, பருவம் மாறும்போது டைமர் திருத்தம், ஒவ்வொரு மருந்துக்கும் பெயர், அளவு, தேதி, அடித்தவரின் உரிமம். பிரஷ் கட்டரில் காப்புத் தகடு இருக்க வேண்டும், தெறிக்கும் கல் கார்க் கண்ணாடியை உடைத்தால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். புல்வெட்டும் வண்டியின் அடித்தட்டைக் கழுவிவிட்டுத்தான் வளாகத்துக்குள் இறக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். முந்தைய இடத்துக் களை விதை அந்தத் தட்டில் ஒட்டிய ஈரப் புல்லோடுதான் வந்து இறங்குகிறது.