கடலோர வீட்டுக்கு யுபிவிசி ஜன்னல்: எங்கே சறுக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கம் இரும்பு ஜன்னலை மாற்ற யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல் நல்ல தேர்வு. உப்புக்காற்றில் பிரேம் துருப்பிடிக்காது. துருப்பிடிப்பது கீலும் திருகும்தான். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட இங்கே பழுப்புப் புள்ளி போடும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

தடத்தில் நகர்த்தித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல் மட்டும் வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. காற்றோடு அடிக்கும் சாரல் கீழ்த்தடத்தில் இறங்கும். வடிகால் துளையை மணல் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்சுவரில் வழியும். வெளியே திறக்கும் ஜன்னல் கதவு என்றால் ரப்பர் கேஸ்கட் அழுந்தி மூடும்.

பிரேம் அளவுக்கு, சுவர்த் திறப்பின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, அவற்றில் மிகச் சிறிய அளவிலிருந்து 10 மி.மீ. கழிக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சிமெண்ட் பூசி அடைக்க விடாதீர்கள். வெயிலில் பிரேம் விரிந்து விரிசல் விழும். இடைவெளியின் உள்ளே ஃபோம், வெளியே நியூட்ரல் வகை சிலிக்கான் பசை போட வேண்டும். வினிகர் வாடை வீசும் சிலிக்கான் சிமெண்டில் சரியாக ஒட்டாது.